செஞ்சதுக்கத்தில் ஒரே பாட்டு, இரண்டு முறை

மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் 2003 மே 24 அன்று, பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி நடத்திய கச்சேரி படமாக்கப்பட்டு, முதலில் தொலைக்காட்சியிலும் பிறகு 2005இல் டிவிடியாகவும் வெளிவந்தது. மார்க் ஹேஃபெலி இயக்கிய அந்தப் படத்தைப் பீட்டில்ஸ் ரசிகர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். நானும் பல ஆண்டுகளாக அதைப் பாட்டுக்காக மட்டுமே பார்த்து வந்தேன். மே மாத மாஸ்கோவில் இருட்டுவதற்கு வெகுநேரம் ஆகும். வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரி தொடங்கி, வானம் மெல்ல நீலம் பாரித்து, புனித பசில் பேராலயத்தின் குமிழ்க் கூரைகள் விளக்கொளியில் மின்னத் தொடங்கும்போது கூட்டம் தன்னை மறந்து பாடிக்கொண்டிருக்கும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, நண்பர் ஒருவரின் வீட்டில் சிலர் கூடி இதே படத்தைப் போட்டுப் பார்த்தோம். ரஷ்ய அதிபர் புதின் கூட்டத்துக்கு நடுவே வந்து அமரும் காட்சியில், கல்லூரியில் படிக்கும் நண்பரின் மகன், “அங்கிள், இந்தப் பாட்டையெல்லாம் உட்கார்ந்து ரசிச்ச மனுஷனா இவர்?” என்று கேட்டான். அன்றைக்கு நடித்திருப்பார் என்றார் ஒருவர். மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். இரண்டு பதிலும் எனக்கு ஒப்பவில்லை. அவர் நடித்தார் என்று நினைக்க எனக்கு எந்த முகாந்திரமும் தெரியவில்லை. பெரிதாக மாறினார் என்றும் தோன்றவில்லை. கேள்வி எழுந்ததற்கே காரணம் அந்தப் படம் நமக்குள் ஊட்டிவிடும் ஒரு நம்பிக்கை என்றுதான் பிறகு யோசிக்க யோசிக்கத் தெளிவாயிற்று.

அந்த நம்பிக்கை இதுதான்: பூட்டிக் கிடந்த ஒரு நாட்டுக்குள் பாட்டு திருட்டுத்தனமாக நுழைந்தது, கேட்டவர்களின் மனத்தைத் திறந்தது, திறந்த மனங்கள் சேர்ந்து கதவையும் திறந்தன, கடைசியில் பாட்டுக்காரரே நேரில் வந்து பாடினார். படம் இதை வாதமாக வைப்பதில்லை. பாட்டுக்கும் பேட்டிக்கும் மாறி மாறித் தாவுகிற தொகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறது. நடுவயதுப் பெண் ஒருத்தி வாய்க்குள் வரிகளை முணுமுணுத்தபடி கண்ணீர் விடுவதைக் காட்டிவிட்டு, அடுத்து அந்தக் காலத்தில் பீட்டில்ஸ் கேட்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஒருவர் பேசுவதைக் காட்டினால், இடைவெளியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். சோவியத் ஆட்சியைக் கவிழ்க்க மேற்கு நாடுகள் கோடி கோடியாகச் செலவிட்ட அமைப்புகளால் ஆகாததைப் பீட்டில்ஸ் செய்தார்கள் என்று ரஷ்ய இசை விமர்சகர் ஆர்டெமி த்ரொய்ட்ஸ்கி பல இடங்களில் சொல்லிவந்திருக்கிறார். கேட்க இனிமையான கருத்து என்பதால் யாரும் அதைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

எலும்பில் செதுக்கிய இசை

படத்தின் பக்கம் இருக்கிற நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படச்சுருள்களை வாங்கி, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நெருப்பால் துளையிட்டு, வீட்டில் செய்த கருவியால் அவற்றின்மேல் தடம் கீறி, தடை செய்யப்பட்ட பாடல்களை விற்றவர்கள் இருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்பும் மண்டையோடும் தெரிகிற அந்தத் தட்டுகளை மக்கள் ‘விலா எலும்புகள்’ என்றே அழைத்தார்கள். சில முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும். ஆனாலும் வாங்க ஆள் இருந்தது, விற்றதற்காகச் சிறைக்குப் போனவர்களும் இருந்தார்கள். பீட்டில்ஸ் காலம் வருவதற்குள் டேப் ரெக்கார்டர்கள் பரவத் தொடங்கிவிட்டன என்பதால் அவர்களுடைய பாடல்கள் பெரும்பாலும் நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியெடுக்கப்பட்டே ஊர் ஊராகச் சென்றன. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும். பத்தாவது பிரதியைக் கேட்டவர், குரல் எது மூச்சு எது என்று தெரியாமலே அந்தப் பாட்டை நேசித்திருப்பார். 1967இல் அரசு இசை நிறுவனமான மெலோடியா ஒரு தொகுப்புத் தட்டில் பீட்டில்ஸின் ‘கேர்ள்’ பாடலைச் சேர்த்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆங்கில நாட்டுப்புறப் பாடல்’ என்று அச்சிட்டது. அதை எழுதிய லெனனும் மெக்கார்ட்னியும் உயிரோடு, அதுவும் புகழின் உச்சியில் இருக்கும்போதே அவர்களை நாட்டார் மரபில் சேர்த்துவிட்ட அந்த அதிகாரியின் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

இப்படிக் கேட்டு வளர்ந்த ஒருவர், ஐம்பது வயதில், லெனின் உடல் வைக்கப்பட்டிருக்கும் மாடத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் குரலை நேரில் கேட்டால் அழாமல் என்ன செய்வார். அந்த அழுகையை விடுதலையின் அழுகை என்று படம் புரிந்துகொள்வதில்தான் எனக்குத் தயக்கம். எனக்கென்னவோ அந்த முகங்களில் தெரிவது இருபது வயதில் கிடைத்திருக்க வேண்டியது ஐம்பதில் கிடைத்ததன் வருத்தம் என்றே படுகிறது. இளமையை நினைத்து அழுகிறவருக்கு அரசியல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அதுபோக, கதவு திறந்த கதையும் படம் காட்டுவதைவிட நெடியது. எல்டன் ஜான் 1979 மே மாதத்திலேயே லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் கச்சேரி நடத்திவிட்டார். அவருக்கும் ஒரு படம் இருக்கிறது. பில்லி ஜோயல் 1987இல் வந்தார். மெக்கார்ட்னியே 1988இல் பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களைப் பாடி, சோவியத் நாட்டில் மட்டுமே விற்பனைக்கென ஓர் இசைத்தட்டை மெலோடியா வழியாக வெளியிட்டார். அதன் பிரதிகள் இங்கிலாந்துக்குள் கொண்டுவரப்பட்டு எக்கச்சக்க விலைக்கு விற்றன. கடத்தல் திசை மாறிய விந்தை அது. 1998இல் பீட்டில்ஸில் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் மாஸ்கோவில் பாடினார். எனவே 2003இல் மெக்கார்ட்னி மேடை ஏறியபோது திறக்கப்பட வேண்டிய கதவு எதுவும் அங்கே மீதமில்லை.

நம்மூர் வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு ‘பூட்டிய நாடு’ என்ற சொற்றொடரே கொஞ்சம் உறுத்தும் என்பதையும் இங்கே சொல்லலாம். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய வழவழப்பான புத்தகங்களை நியூ செஞ்சுரி கடையில் சில ரூபாய்க்கு வாங்கிப் படித்தவர்களுக்கு அது வீட்டு வாசல்வரை வந்து கதை சொன்ன நாடு. ராஜ் கபூரின் ‘ஆவாரா’ 1954இல் அங்கே வெளியாகி, அதன் பாட்டைத் தெருவில் போகிறவர்கள்கூட முணுமுணுத்தார்கள். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று அந்த அரசு தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தது. அனுமதிக்கப்பட்ட பாட்டையும் மக்கள் உயிராய் நேசித்தார்கள். தடுக்கப்பட்ட பாட்டை நேசித்தவர்களை மட்டும் போராளிகளாகக் கொள்வது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.

பாட்டுக்குள் இருந்த வரைபடம்

என் எண்ணம் திரும்பிய இடம், ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’ பாடல் இரண்டாம் முறை ஒலிக்கும் இடம். அந்தக் கச்சேரியில் மெக்கார்ட்னி அதை வரிசைப்படி ஒரு முறை பாடினார். முதலில் வர இயலாது என்றிருந்த புதின் இடையில் வந்து சேர்ந்தார். கடைசியில், கூட்டம் கேட்டு மீண்டும் மேடையேறும் நேரத்தில் அதே பாட்டை மறுபடியும் பாடினார். அந்தச் சதுக்கத்தில் கூட்டம் எதிர்பார்த்துக் காத்திருந்ததும் இந்தப் பாட்டைத்தான். பல முறை பார்த்திருந்தும் அந்த இரவு நண்பர் வீட்டில்தான் பாட்டில் வருகிற இடங்களின் பெயர்கள் என் காதில் தனித்தனியாக விழுந்தன. பாட்டு அமெரிக்கப் பாட்டுகளைக் கேலி செய்து எழுதப்பட்டது. ராக் பாடகர் சக் பெர்ரி தன் நாட்டுக்குத் திரும்பியதைக் கொண்டாடுகிறார் அல்லவா, அதையும், கலிஃபோர்னியப் பெண்களை பீச் பாய்ஸ் குழுவினர் புகழ்கிறார்கள் அல்லவா, அதையும் ஒன்றாக்கி, ஒரு சோவியத் ஆள் விமானத்தில் ஊர் திரும்பி உக்ரைன் பெண்களையும் மாஸ்கோ பெண்களையும் மெச்சி, ஜார்ஜியா என் நெஞ்சைவிட்டு நீங்காது என்று உருகுவதாக மெக்கார்ட்னி எழுதினார். அமெரிக்காவிலும் ஒரு ஜார்ஜியா இருக்கிறது என்பதுதான் அந்த வேடிக்கை. 1968இன் தொடக்கத்தில் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது உருவான பாட்டு அது. பீச் பாய்ஸின் மைக் லவ்வும் அப்போது அங்கேதான் இருந்தார். லண்டனில் அதன் ஒலிப்பதிவு தொடங்கிய நாள் ஆகஸ்ட் 22. கோபித்துக்கொண்டு ரிங்கோ போய்விட்டதால் மெக்கார்ட்னியே டிரம்ஸ் வாசித்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நாள்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரத் தெருக்களில் சோவியத் டாங்கிகள் நின்றன என்பதைப் பலரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தற்செயல்தான், அதற்கு மேல் நான் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை.

உக்ரைன், மாஸ்கோ, ஜார்ஜியா. 1968இல் இந்த மூன்றும் ஒரே நாட்டுக்குள் இருந்ததால்தான் அந்த வரிகள் ஊர் திரும்புகிறவனின் வரிகளாக இருந்தன. 2003இல் அவை மூன்று தனி நாடுகளில். இல்லாத நாட்டுக்குத் திரும்பி வந்ததாகப் பாடும்போது அது கேலியாக இருக்க முடியாது, ஏனென்றால் கேலி செய்யப்பட வேண்டிய பொருள் காணாமல் போய்விட்டது. அந்த வெற்றிடத்தை ஏக்கம் நிரப்பிக்கொண்டது. சதுக்கத்தில் இருந்தவர்களில் பலருக்கு அது தங்கள் இளமைக்கான ஏக்கம். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதே கூட்டத்தில் அமர்ந்திருந்த ஒருவர் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2005 ஏப்ரலில், தன் நாடாளுமன்ற ஆண்டுரையில், சோவியத் ஒன்றியம் சிதைந்தது அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய புவிசார் அரசியல் பேரழிவு என்றார். டிவிடி கடைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ஜார்ஜியாவுக்குள் ரஷ்யப் படை 2008 ஆகஸ்டில் போனது. உக்ரைனின் கிரிமியா 2014இல் பறிபோனது, முழுப் போர் 2022இல் வந்தது. பாட்டின் வரைபடத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை; அந்தப் பாட்டில் அவருக்கு உறுத்தக்கூடியது எதுவுமே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். மகிழ்ச்சியோடு கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

கச்சேரி நாளின் பகலில் கிரெம்ளினில் மெக்கார்ட்னியைச் சந்தித்தபோது, பீட்டில்ஸ் இசை தங்களுக்கு வெளியுலகைக் காட்டிய சன்னல் போன்றது என்ற பொருளில் புதின் பேசினார். அவர் அதை உளமாரச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். சன்னல் வழியாக வெளியே பார்த்த சிறுவர்களில் ஒருவரான அவர் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியில் சேர்ந்து கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் பணிபுரிந்தார். 2003இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த செர்கேய் இவானவும் லெனின்கிராடுக்காரர், கேஜிபிக்காரர். பீட்டில்ஸ் பாட்டுகள் தன் ஆங்கிலத்துக்கு உதவின என்று பெருமையாகச் சொல்லக்கூடியவர். ஒற்றருக்கு ஆங்கிலம் எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று கேட்கத் தோன்றும், படம் கேட்பதில்லை.

பக்கத்து இருக்கை

அன்றைய கச்சேரியில் எடுத்த புகைப்படம் ஒன்று ரஷ்யாவில் மிகவும் பிரசித்தம். அதில் புதினுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் ஆந்திரேய் மகாரெவிச். நாம் அறியாத பெயராக இருக்கலாம். ரஷ்யாவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. 1969இல், பள்ளி மாணவராக இருந்தபோது, ‘மஷீனா வ்ரெமெனி’ என்ற இசைக்குழுவைத் தொடங்கியவர். ‘கால எந்திரம்’ என்று பொருள். தந்தை கொண்டுவந்த பீட்டில்ஸ் பதிவை முதன்முதலில் கேட்டபோது, அதுவரை வாழ்நாள் முழுக்கக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததாகவும் யாரோ திடீரென்று அதை எடுத்துவிட்டதாகவும் உணர்ந்தேன் என்று அவர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பீட்டில்ஸைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ வாக்கியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவருடைய குழுவை 1982இல் கட்சி இளைஞர் நாளேடான கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா கடுமையாகத் தாக்கி எழுதியது. வாசகர்கள் குழுவை ஆதரித்துக் கடிதங்களைக் குவித்தார்கள்.

புதின் பிறந்தது 1952 அக்டோபரில், மகாரெவிச் 1953 டிசம்பரில். ஒரே காலம், ஒரே நாடு, ஒரே பாட்டுகள், அந்த இரவில் அடுத்தடுத்த இருக்கைகள். கிரிமியா இணைப்பை மகாரெவிச் வெளிப்படையாக எதிர்த்தார். 2014 ஆகஸ்டில் கிழக்கு உக்ரைனில் போரால் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பகுதிக்குப் போய்ப் பாடினார். ஊர் திரும்பியதும் துரோகி என்று அழைக்கப்பட்டார், பட்டங்களைப் பறிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களே கூச்சலிட்டார்கள். 2022இல் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ரஷ்ய நீதி அமைச்சகம் அவரை ‘வெளிநாட்டு முகவர்’ பட்டியலில் சேர்த்தது.

நண்பரின் மகன் கேட்ட கேள்விக்கு இந்தப் புகைப்படம்தான் பதில் என்று எனக்குத் தோன்றியது. பீட்டில்ஸ் கேட்டு ஒருவர் மகாரெவிச் ஆனார் என்றால், அதே பீட்டில்ஸைக் கேட்டு இன்னொருவர் எப்படி அப்படி ஆனார் என்று கேட்பதில் பிழை, பாட்டுதான் இருவரையும் ஆக்கியது என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. மகாரெவிச்சை மகாரெவிச் ஆக்கியது பாட்டைக் கேட்டதல்ல. கேட்ட பிறகு தானே பாட்டு எழுதி, அதற்காகப் பத்திரிகையில் திட்டு வாங்கி, அனுமதிக் கடிதங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பல ஆண்டுகள். கேட்பவரிடம் பாட்டு எந்த விலையும் கேட்பதில்லை. பாடுகிறவரிடம், அந்த நாட்டில், கேட்டார்கள். 1981இல் லெனின்கிராட் ராக் மன்றம் திறக்கப்பட்டபோதுகூட, இசைக்காரர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கண்காணிக்க எளிது என்று கேஜிபியே அதற்கு வழிவிட்டது.

சோவியத் ஆட்சியைப் பாட்டு அசைத்த இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால், அன்று சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த எஸ்டோனியாவைக் காட்டுவேன். 1988 கோடையில் தலின் நகரப் பாட்டுத் திடலில் இரவிரவாக மக்கள் கூடித் தடை செய்யப்பட்ட தங்கள் நாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். செப்டம்பரில் கூடிய கூட்டம் மூன்று லட்சம் என்கிறார்கள், அந்த நாட்டின் எஸ்டோனியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அங்கே கேட்பவர், பாடுகிறவர் என்ற பிரிவினையே இல்லை. ஒவ்வொருவரும் தன் வாயைத் திறந்து, தன் பெயரில், தன் மொழியில், தனக்கு வரக்கூடிய ஆபத்தோடு பாடினார்கள். கிரிமியாவுக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு வெளியேறிய த்ரொய்ட்ஸ்கி குடியேறியதும் அந்தத் தலினில்தான். உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது, ஆப்கானிஸ்தான், செர்னோபில், ரொட்டிக்கு நின்ற வரிசைகள் என சோவியத் வீழ்ச்சிக்குச் சொல்லப்படும் மற்ற காரணங்களை எல்லாம் விட்டுவிட்டு இசையை மட்டும் பேசினாலும், படம் சொல்லும் கதையில் எஸ்டோனியர்களுக்கு இடமில்லாதது பெரிய ஓட்டை.

மெக்கார்ட்னியின்மேல் எனக்குக் குறையில்லை. 2013இல் ஆர்க்டிக் கடலில் எண்ணெய்த் துரப்பண மேடைக்கு எதிராகப் போராடப் போன கிரீன்பீஸ் கப்பலில் இருந்த 30 பேரை ரஷ்யா சிறைவைத்தபோது, அவர்களை விடுவிக்கும்படி அவர் புதினுக்குக் கடிதம் எழுதினார். இதே பாட்டிலிருந்து, வெகுகாலம் கழித்து வீடு திரும்புகிற மகிழ்ச்சியைச் சொல்லும் வரிகளை எடுத்துக்காட்டி, அந்தக் கைதிகளுக்கும் அதை நிஜமாக்குங்கள் என்று கேட்டிருந்தார். பிணையும் பொதுமன்னிப்பும் பின்னால் வந்தன, ஆனால் அது ரஷ்யா நடத்தவிருந்த சோச்சி ஒலிம்பிக்குக்கு முந்தைய கணக்கு. பாட்டு வரிக்கு அதில் பங்கிருந்தது என்று நம்ப எனக்கு ஆசைதான், முடியவில்லை. 2022 ஏப்ரலில் அவர் அமெரிக்காவில் தொடங்கிய இசைப் பயணத்தில் உக்ரைன் கொடியை மேடைக்குக் கொண்டுவந்து அசைத்தார். முந்தைய பயணத்தில் பாடிவந்த ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’ இந்த முறை பட்டியலில் இல்லை. அந்தப் பாட்டு எனக்கு இப்போதும் பிடிக்கும். முதல் முறை பாடும்போது மெக்கார்ட்னியின் முகத்தில் இருக்கும் குறும்பும் பிடிக்கும். இரண்டாம் முறை பாடும்போது அது அவர் கையைவிட்டு யார் யாருடைய பாட்டாகவோ ஆகிவிடுகிறது. அன்றைக்கு ஒரு முறையோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். கூட்டம் விட்டிருக்காது என்பதும் தெரியும்.